தபால் பையும் பாதிப் படமும்

தபால் பையின் வாரை இடது கணுக்காலில் இரண்டு சுற்றுச் சுற்றி, காலை ஒருதரம் ஆட்டிப் பார்த்து, இறுக்கம் சரியென்று கண்ட பிறகுதான் ஜெகதீஸ் வாயைத் திறப்பார்.

"அப்ப பாருங்கோ, இவர் ஒரு சாதாரண ஆள்."

எந்தப் படமானாலும் இதுதான் முதல் வசனம். கதாநாயகன் அரசனாக இருக்கட்டும், வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவனாக இருக்கட்டும், நெடுந்தீவு வள்ளத்தில் ஏறுவதென்றால் முதலில் சாதாரண ஆளாகத்தான் ஏற வேண்டும்.

வயது நாற்பத்தாறு. நெடுந்தீவுத் தபாலைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்க் கொண்டுவருவது வேலை. காலை வள்ளத்தில் ஊர்ப் பையுடன் அக்கரையில் குறிகட்டுவான் துறைக்கு வருவார். அதைக் கொடுத்துவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பையை வாங்கிக்கொண்டால், பின்னேர வள்ளம் வெளிக்கிடும்வரை வேறு சோலி கிடையாது. அந்த ஐந்து மணித்தியாலத்தில் மற்றவர்கள் சீட்டுக் கடதாசி விளையாடுவார்கள், மதில் நிழலில் படுப்பார்கள். இவர் கைபேசியில் படம் பார்ப்பார். தமிழில் குரல் கொடுத்த வெளிநாட்டுப் படங்கள்தான் விருப்பம். பார்த்த படத்தை அன்றைக்கே வள்ளத்தில் சொல்லி முடித்துவிடுவார். பழஞ்சோறு மாதிரி அடுத்த நாளுக்கு வைக்கிற பழக்கம் அவரிடம் இல்லை.

நெடுந்தீவின் மாவிலித்துறையில் வள்ளம் அணைந்தால் தபால் பைதான் முதலில் இறங்க வேண்டும். சட்டமோ வழக்கமோ, யாருக்கும் தெரியாது. டொக்டர்மாரும் விலகி நின்று வழிவிடுவார்கள். பதினான்கு வருஷத்தில் ஒருநாளாவது இரண்டாவதாக இறங்கியதில்லை என்பது அவருடைய பெருமை. அதைக் கேட்காதவர் தீவில் ஒருவரும் இல்லை, சிலர் பத்துத் தரமும் கேட்டிருக்கிறார்கள்.

படம் சொல்லத் தொடங்கியது கடலைக் கொந்தளிக்க வைக்கும் சோளகக் காற்றால். அந்தக் காற்று வீசும் மாதங்களில் வள்ளத்தின் அடித்தட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், மனிதக் குடலுக்குள் எவ்வளவு இருக்கிறதென்று. ஒருமுறை பக்கத்தில் இருந்த வினோஜா ரீச்சர் சொப்பிங் பையை முகத்தோடு பிடித்தபடி சத்தி எடுத்துக்கொண்டே வந்தா. அவவின் கவனத்தைத் திருப்ப ஜெகதீஸ் ஒரு பேய்ப்படத்தை எடுத்துவிட்டார். பேய் கிணற்றால் ஏறி வந்தபோது ரீச்சர் பையை மடியில் வைத்துவிட்டு, மிச்சம் கேட்கும் அவசரத்தில் "பேந்து?" என்றா. அன்று பிடித்த வழக்கம்.

போகப்போக அதில் ஒரு கணக்கு வந்துவிட்டது. நயினாதீவுக் கோயில் கோபுரம் வலப்பக்கம் தெரிகிறவரை கதாநாயகனுக்கு வீடு, வேலை, தாய், சிநேகிதம். கோபுரம் பின்னுக்குப் போக ஆளுக்குக் கஷ்டம் தொடங்கும். நடுக்கடலில், அலை வள்ளத்தைத் தூக்கிக் குத்துகிற இடத்தில் சரியாக இடைவேளை. நெடுந்தீவு ஒரு கோடாய்த் தெரிய சண்டை. ஓட்டி பாலசிங்கம் இயந்திரத்தின் வேகத்தைக் குறைக்க, படம் முடிந்துவிட வேண்டும். கடல் மோசமான நாட்களில் இடைவேளையில் ஒரு கொலை கூடுதலாக நடக்கும் என்று பாலசிங்கம் சொல்வது பொய். படத்தில் இல்லாததை ஜெகதீஸ் சொல்லமாட்டார்.

சொல்லாததற்கும் காரணம் உண்டு. முன்பொருநாள், சாகிற கதாநாயகனைப் பாவம் பார்த்துப் பிழைக்க வைத்துவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்த நேர்ஸ் ஒருவர் வள்ளத்துக்குள்ளேயே எழும்பி, "ஆள் செத்ததெல்லே!" என்றுவிட்டார். பிறகு ஒரு மாதம் ஜெகதீஸ் வாயைத் திறந்தாலே, "இது கொம்பனியின்ர படமோ, உம்மடை படமோ?" என்ற கேள்விதான். மானம் போய்விட்டது. அன்றிலிருந்து உள்ளதை உள்ளபடி சொல்கிறார்.

படங்களை அவர் இனம் பிரித்து வைத்திருக்கிறார். பேய்ப்படம், பழிவாங்கல் படம், மூளை ஏறுகிற படம். கடைசி இனத்தில் பதினொன்று பார்த்துவிட்டார். வினோஜா ரீச்சர் ஒருநாள் விளக்கம் கேட்க, விரலால் காற்றில் ஒரு கூரை கீறிக் காட்டினார்.

"தலைக்குள்ள ஒரு சாமான் வைப்பாங்கள். இடைவேளை வரைக்கும் ஏறுவான், பேந்து இறங்குவான். ஏறேக்க எத்தினை படியோ, இறங்கேக்கயும் அத்தினை படி. ஏனெண்டால் பாக்கிற நாங்கள் சாதாரண ஆக்கள் ரீச்சர். அவன் மேலயே நிண்டா எங்களுக்குப் பொறுக்காது."

ரீச்சர் சிரித்தா. ஆனால் இரவு வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்ததாகவும், அது சரிதான் என்றும் பிறகு சொன்னா.

பன்னிரண்டாவது படத்தில்தான் மனிதர் மாட்டுப்பட்டார்.

அந்தப் பின்னேரம் காற்று மேல்தட்டில் ஒருவரையும் இருக்க விடவில்லை. கடைசியாக இறங்கி வந்து வெங்காய மூட்டைக்குப் பின்னால் குந்திய இராசமணியை ஜெகதீஸ் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் வேறு படத்தை எடுத்திருப்பார். இராசமணியின் மகன் சுதன் மோட்டார் சைக்கிளில் மாட்டோடு மோதி, தலையில் ஒப்பரேஷன் முடிந்து, யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏழு கிழமையாகக் கிடக்கிறான். கண் திறக்கிறான், ஆளைத் தெரியவில்லை. தன் தங்கச்சி அங்கே நிற்க, இராசமணி ஒன்றைவிட்ட ஒரு நாள் போய் வருகிறா. பொறுத்திருந்து பார்ப்போம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். வள்ளத்தில் அவ ஒருவருடனும் கதைப்பதில்லை. படம் கேட்பதும் இல்லை, வழமையாக மேல்தட்டில்தான் இருப்பா.

"இவர் ஒரு சாதாரண ஆள். பெரிய கட்டிடம் ஒண்டில லிப்ற் ஓட்டுறவர்."

லிப்ற் விழுகிறது. தலையில் அடி. அரிசி அளவு சாமான் ஒன்றை மூளைக்குள் வைக்கிறார்கள். ஒன்பதாம் நாள் கண் திறக்கிறான். பத்தாம் நாள் கோப்பையைக் கையால் பிடிக்கிறான். பன்னிரண்டாம் நாள், "அம்மா, யன்னலைச் சாத்துங்கோ" என்கிறான்.

இந்த இடத்தில்தான் வெங்காய மூட்டைக்கு மேலால் ஒரு முகம் உயர்ந்தது. இராசமணி என்று ஜெகதீஸ் அப்போதுதான் கண்டார். நிறுத்த வழியில்லை, முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் ஒரு நாளில் ஒரு பாஷை படிக்கிறான். நகரத்தில் எந்த லிப்ற் எப்போது பழுதாகும் என்று படுக்கையிலிருந்தே சொல்கிறான். நடுக்கடல் வந்தது, இடைவேளை வந்தது. அவன் உச்சியில் நிற்கிறான்.

"பேந்து?" என்றா இராசமணி. ஏழு கிழமையில் அந்த வள்ளத்துக்குள் அவ பேசிய முதல் சொல். "பேந்தும் அவனுக்குத் தாயைத் தெரியுமெல்லே, தம்பி?"

தெரியாது. அதுதான் படம். இரண்டாம் பாதியில் அறிவு கூடக் கூடப் பழையது ஒவ்வொன்றாக அழிந்துகொண்டு போகும். முதலில் தாயின் கறியின் ருசி, பிறகு வீடிருக்கும் தெரு, கடைசியில் அவளுடைய முகம். பயந்துபோய்ச் சாமானை எடுத்துவிடுவார்கள். அறிவும் போகும், முகமும் திரும்பி வராது. தாய் யாரோ ஒரு பெண்ணாய் நின்று அவன் வாயில் சோறு தீத்துவாள். மத்தியானம் மதில் நிழலில் இருந்து அதைப் பார்த்து அவர் கண்ணைத் துடைத்திருந்தார்.

"உவ்வளவும்தான் அக்கா பாத்தனான். போனில சார்ஜ் முடிஞ்சு போச்சு."

வள்ளம் முழுக்க முணுமுணுப்பு. மூளை ஏறுகிற படமென்றால் மிச்சம் தனக்கே தெரியும் என்று வினோஜா ரீச்சர் தொடங்கினா. பார்க்காத படத்தைச் சொல்லக்கூடாது ரீச்சர் என்று ஜெகதீஸ் வெடுக்கென்று சொன்னதை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. ரீச்சரின் முகம் சிவந்தது. பிறகு அவ இராசமணி இருந்த பக்கம் திரும்பினா, விஷயம் விளங்கியது. மிச்சத் தூரத்துக்கு இயந்திரச் சத்தம் மட்டும்தான். பை முதலில் இறங்கியது. ஆனால் அன்று அவர் யாருடைய முகத்தையும் பார்க்காமல் இறங்கினார்.

இரண்டு நாள் கழித்துப் பொலிஸ் படம் ஒன்றைச் சொல்லிச் சமாளித்தார். அது கதையா, கஞ்சியா என்று பாலசிங்கம் கேட்டார். அதற்கும் இரண்டு நாள் கழித்து இராசமணி நேரே வந்து பக்கத்தில் இருந்தா. அன்றும் சுதன் அவவைப் பார்த்தபடியே இருந்தானாம், யாரென்று தெரியாமல்.

"தம்பி, நீர் மிச்சத்தைப் பாத்தனீர். உம்மடை முகத்தில தெரியுது."

ஜெகதீஸ் கணுக்கால் வாரை இறுக்கினார். "ஓமக்கா" என்றார். இவ்வளவு கேட்ட பிறகு பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"எனக்கு அது வேண்டாம். இடைவேளை வரைக்கும் இன்னொருக்காச் சொல்லும். அவன் கண் முழிக்கிற இடத்திலயிருந்து."

சொன்ன படத்தைத் திரும்பச் சொல்வது அவருடைய வழக்கமே அல்ல. தொடங்கினார். கோபுரம் வலப்பக்கம் நிற்க அவன் கண் திறந்தான். ஆனால் கோப்பைக்குப் போகவில்லை. அதற்கு முன்னால், அவன் விரல் போர்வையின் நூல் ஒன்றைப் பிடித்து இழுத்தது. அடுத்த நாள் இரண்டு விரல். மூன்றாம் நாள் மழைச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினான். இவை ஒன்றும் படத்தில் இல்லை. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு அவர் வினோஜா ரீச்சரைப் பார்த்தார். வார விடுமுறையில் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துக் கடைசிவரை பார்த்துவிட்டதாக ரீச்சர் துறையில் வைத்தே சொல்லியிருந்தா. எழும்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும், கஷ்டப்பட்டு மீட்ட மானம் திரும்பவும் கடலோடு போகும்.

ரீச்சர் தொண்டையைச் செருமினா.

"அதுக்கு முன்னம் ஒண்டை விட்டிட்டீர், ஜெகதீஸ் அண்ணை. தாய் எண்ணெய் வைச்சுத் தலை இழுக்கேக்க அந்த மணத்துக்கு அவன் கண்ணை மூடித் திறப்பானெல்லே?"

"ஓம் ஓம்" என்றார் ஜெகதீஸ். "மறந்து போனன்."

நடுக்கடல் வந்தது. வள்ளம் தூக்கிக் குத்தியது. இடைவேளை வரவில்லை. கோப்பை இப்போதுதான் கைக்கு வந்திருந்தது, அதுவும் ஒரு பக்கம் சரிந்து கொஞ்சம் தேத்தண்ணி சிந்தியது. இராசமணி தன்னுடைய கையைச் சுருட்டி, இல்லாத கோப்பை ஒன்றைச் சரியாகப் பிடித்தா. நெடுந்தீவு கோடாய்த் தெரிந்தது. பாலசிங்கம் வேகத்தைக் குறைத்தார். கயிறு விழுந்தது, வள்ளத்தின் விலா துறையில் இடித்தது. ஆட்கள் எழும்பி, வழக்கம்போல வழிவிட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள்.

அவன் இன்னும் யன்னலைச் சாத்தச் சொல்லவில்லை.

ஜெகதீஸ் எழும்பவில்லை. சொல்லிக்கொண்டே காலில் இருந்த வாரை அவிழ்த்து, பையைத் தூக்கி மடியில் வைத்தார். மற்றவர்கள் முதலில் இறங்கட்டும் என்று கையைக் காட்டினார்.