நல்லது என்று வாங்கிய உப்பு

கரையான்சாவடியில் பேருந்தில் ஏறக் காலைத் தூக்கினேன். கால் எழவில்லை. வலி இல்லை. தொடை என்னுடையது போலவே இல்லை. பின்னால் நின்றவர், "ஏறுக்கா, எடுத்துடப் போறான்" என்றார். வெட்கப்பட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

எனக்கு ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உண்டு. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் கூடியிருந்தது. "உப்பைக் குறைங்கம்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார். மற்றபடி என்ன சாப்பிடலாம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் மகள் கிருபா இருக்கிறாளே என்று நினைத்தேன். மக்கள் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அரசாங்கம் சொல்லும் வழிமுறைகளை அவளுடைய கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பாதித் தட்டு காயும் பழமும், உப்பு கம்மி, எண்ணெய் கம்மி. அவளுக்கும் தோழிகளுக்கும் அது மனப்பாடம். ஆனால் வகுப்பு முடிந்ததும் எல்லாரும் ஃப்ரைட் ரைஸ் கடையில்தான் நிற்பார்கள்.

"எனக்கு மட்டும் கீரை, உனக்கு அதுவா?" என்று கேட்டேன்.

"நான் நல்லாத்தானேம்மா கீறேன். நீதான பேஷண்ட்டு."

அவள் சமையலில் தினமும் கீரை, தக்காளி, பழச்சாறு. சோடியம் குறைந்த உப்பு என்று ஒரு பாக்கெட்டும் வாங்கி வந்தாள். "ருசியும் இருக்கும், கெடுதியும் இல்ல" என்றாள். சப்பென்று இருந்த சாப்பாட்டில் மறுபடி உப்பு ஏறியதும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

கால் எழாத அன்று மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் (தசையையும் இதயத்தையும் இயக்கும் தாது) மிக அதிகம். இன்னும் கூடினால் இதயம் நின்றுவிடலாம் என்று டாக்டர் அவசரமாக ஊசி போட்டார். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். கிருபா ஒவ்வொன்றாகச் சொன்னாள். உப்பைச் சொன்னதும் அவர் அவளை நிறுத்தினார்.

"அதுல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம்தான் போடறாங்க. அம்மா கிட்னியால அதை வெளியே தள்ள முடியாது. கீரை, பழச்சாறு எல்லாம் அதோட சேர்ந்துடுச்சு."

"சார், கைட்லைன்ல அப்படித்தான்..."

"அது நல்லா இருக்கறவங்களுக்கும்மா. உனக்குச் சரி, அம்மாவுக்கு இல்ல."



பொட்டாசியம் இறங்கியது. சிறுநீரகம் பழையபடி ஆகவில்லை. கிருபா சமையலறைப் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள். தண்ணீர் கேட்டால்கூட, "நீயே ஊத்திக்கம்மா" என்பாள். அது எனக்கு ஊசியைவிட அதிகமாக வலித்தது.

இதே நோய் உள்ளவர்கள், கூச்சமாக இருந்தாலும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். உப்பு பாக்கெட்டையும் காட்டுங்கள். பொட்டாசியம் குறைய, காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடச் சொன்னார்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

போன மாதம் மாங்காட்டில் உறவுக்காரர் கல்யாணம். பருப்பும் காயும் போட்ட தால்சா வாளியோடு ஒருவர் வந்தார். பரிமாறுகிறவரிடம் வேண்டாம் என்று நான் சொன்னதே இல்லை. அன்று இலைமேல் கையை வைத்து மறைத்தேன்.

"இன்னாக்கா, பொண்ணு ஊட்டு மேல கோவமா?"

"கிட்னி சரியில்லப்பா."

கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பந்தியே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த கிருபா என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளச் சோறு துன்னலாமில்ல? வாங்கினு வரட்டாம்மா?"

"கொஞ்சமா."

அவள் எழுந்து போனாள். எங்கள் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு அப்பால் நான் இப்போது எதையும் யோசிப்பதில்லை. அவள் கொண்டுவந்த சோற்றை ஒவ்வொரு வாயாக, உடம்பிடம் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டேன். அவசரப்படவில்லை.