பள்ளத்தைப் பார்த்து நிற்கும் கார்

நேற்றுக் காலை காரின் திறப்பைத் திருப்பினால் 'டிக்' என்றது. அவ்வளவுதான், பயந்துபோனேன். இதற்குப் போய் இப்படிப் பயமா என்று சிரிக்காதீர்கள். வெளிநாட்டில் மருமகன், வீட்டில் நிறைமாதத்தில் மகள். ஒட்டுசுட்டானில் இருந்து ஆஸ்பத்திரிக்குக் காட்டோரமாகப் போகவேண்டும். எத்தனையோ தரம் திருப்பியபின் எழும்பியது. இஞ்சினை நிறுத்தாமலே கிளிநொச்சிப் பற்றரிக் கடைவரை ஓட்டினேன்.

கடைக்காரர் இரண்டு பற்றரிகளைக் காட்டினார். "இது முந்நூற்றிருபது அம்பியர், இது நானூற்றிருபது. குளிருக்கை இஞ்சினைச் சுத்துற பலம் ஐயா."

"வன்னியிலை எங்கை தம்பி குளிர்?"

"அதுதான் சொல்லுறன், உங்கட காருக்குச் சின்னனே போதும், காணும்."

"காணும் எண்டு சொல்லாதேங்கோ! தட்டிலை கொள்ளுமெண்டால் பெரிசைத் தாங்கோ."

பழையதைக் கழற்றியபோது அசிற் மணம் மூக்கில் ஏறியது. அந்த மணமே வன்னிக்குள் இல்லாத காலம் ஒன்று இருந்தது. சண்டைக் காலம், பற்றரிக்கு அரசாங்கத்தின் தடை. எங்கள் ஒழுங்கையில் இருந்த செல்லத்துரை அண்ணையின் காரில் பற்றரி இருந்த இடத்தில் கோழி முட்டையிட்டது, மெய்யாகத்தான். ஓட்டம் மண்ணெண்ணெயில். குழந்தைக்குப் பால் கொடுக்கும் சூப்பிப் போத்தலால் கொஞ்சம் பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் பீச்சி, உருட்டித்தான் ஸ்டார்ட். அதனால் காரை எப்போதும் குளக்கட்டில், பள்ளத்தைப் பார்த்தபடியே விடுவார்.

இந்த மகள் பிறந்த அன்று பின்னேரம் மனைவியை அதில்தான் ஏற்றினோம். குளக்கட்டிலிருந்து உருண்ட கார் ஒழுங்கை முகப்பில் செத்துப்போனது. எதிரே வயலோரம் தனியன் யானை. "ஐயோ, எனக்கு ஏலாது!" என்று மனைவி என் கையை நெரித்தாள். எனக்குப் பிள்ளையாரின் பேர்கூட வாயில் வரவில்லை. அண்ணை தலையை நீட்டி ஒரே சத்தம்: "தள்ள வாங்கோ!"

குசினியில் சமைத்துக்கொண்டு நின்றவர்கள், கிணற்றடியில் இடுப்பில் ஈரச் சாரத்தோடு நின்றவர்கள், எல்லாரும் ஓடிவந்தார்கள். யானையைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே தள்ளினார்கள். கார் எழும்பி ஓடியது. "நிப்பாட்டிப் போடாதேங்கோ அண்ணை!" என்ற சத்தம் வெகுதூரம் பின்னால் வந்தது.

புதுப் பற்றரி பூட்டியதும், கடைக்காரரிடம் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னேன்: "எதுக்கும் நான் பள்ளத்தைப் பாத்துத்தான் விடுறனான். உருட்டினாலும் வரும்தானே?"

அவர் சிரித்துவிட்டார். "ஐயா, இது ஓட்டோமற்றிக் கியர். ஊர் திரண்டு தள்ளினாலும் ஸ்டார்ட் வராது."

காரை வாங்கிய நாளில் இருந்து பள்ளத்தைப் பார்த்தே விட்டுவந்த என் மூளையை என்னவென்று சொல்ல!

வீட்டில் ஒரு திருப்பில் ஸ்டார்ட். நிறுத்தித் திரும்பவும் பார்த்தேன். திரும்பவும். "காணும், பற்றரிச் சார்ஜை இறக்கிப் போடுவியள்" என்று மனைவி ஏசினாள். ஆனாலும் கார் பள்ளத்தைப் பார்த்தபடியேதான் நிற்கிறது. வேறு மாதிரி விட மனம் வரவில்லை.

"அப்பா!" என்று மகள் உள்ளே கூப்பிட்டாள். திறப்பையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். தண்ணீர்தான் கேட்டாள். கொடுத்துவிட்டு ஒழுங்கையைப் பார்த்தேன். அண்ணையின் வளவில் பற்றை மண்டிக் கிடந்தது. மற்ற வீட்டுப் படலைகளில் பூட்டு. சிலர் கனடாவில். சிலர் முள்ளிவாய்க்காலில் இருந்து வரவேயில்லை. இனி நான் என்ன சத்தம் போட்டாலும் ஈரச் சாரத்தோடு ஓடிவர ஒருவருமில்லை.