நார்மன் கார்பட்டின் செல்லாத சீட்டு

தான் பணம் கட்டிய குதிரைப் பந்தயத்தை நார்மன் கார்பட் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. சீட்டை எழுதி, நோட்டை அதில் சுற்றி, கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டு, சிகரெட்டோடு வெளியே வந்துவிடுவார். உள்ளே தொலைக்காட்சியில் பந்தயம் முடிந்து கூச்சல் அடங்கிய பிறகுதான் திரும்பிப் போவார். பந்தயக் கடைக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள் என்பதால் ரெட்கார் ஊரின் கடற்காற்றில் வாசலிலேயே நின்று வளர்ந்த மகள் கெர்ரிக்கு இது மனப்பாடம். "பாத்தா குதிரை தோத்துடும் கண்ணு" என்பார். பார்க்காமலும் பெரும்பாலும் தோற்றுக்கொண்டுதான் இருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் மேக்சின். அந்தக் கடையிலேயே தலை நரைத்தவள். தள்ளப்படும் சீட்டுகளைக் கை ஒழிந்தபோது எடுத்து இயந்திரத்தில் விடுவாள். இயந்திரம் நேரம் பதித்தால்தான் பந்தயம் ஏற்கப்பட்டதாகும் என்று சுவரில் ஒரு விதிப்பலகை தொங்கியது. அந்தக் கடைக்கு வருகிறவர்கள் யாரும் அதைப் படித்ததில்லை.

அந்த அக்டோபர் சனிக்கிழமை மேக்சின் தனியாக இருந்தாள். இன்னொரு ஆளைக் கம்பெனி குறைத்திருந்தது. மூலையில் ஒருவன் சூதாட்ட இயந்திரத்தை உதைத்துக்கொண்டிருந்தான். அவனை வெளியேற்றிவிட்டு வந்து நார்மனின் சீட்டை அவள் எடுப்பதற்குள் தொலைக்காட்சியில் பந்தயக் கதவு திறந்து குதிரைகள் பாய்ந்துவிட்டன. டின் விஸ்லர் என்ற அந்தக் குதிரை ஒன்றுக்கு இருபத்தைந்து கணக்கில் ஜெயித்தது. நார்மனுக்கு வரவேண்டியது ஐநூறு பவுண்டு. தலைமை அலுவலகம் பந்தயம் செல்லாது என்று சொல்லி, கட்டிய இருபதை மட்டும் திருப்பிக் கொடுத்தது.

வீட்டில் வெந்நீர்க் கொதிகலன் பழுதாகி ஒரு மாதம். நார்மன் மேல்கோட்டோடுதான் சாப்பிட்டார்.

"விடு. பந்தயக் கடைக்காரன் பாக்கி மானப் பாக்கி. மானம் இருந்தா குடுப்பான்."

"அது அந்தக் காலம்ப்பா. சட்டம் மாறி வருஷமாச்சு. பந்தயப் பணத்துக்குக் கோர்ட்டுக்கே போகலாம். அதுக்கு முன்னாடி இந்தப் புகாரை விசாரிக்க நடுவர் இருக்காங்க, காசே வேணாம்."

"இதுக்குத்தான் படிச்சியா?"

அவள் படித்தது வரலாறு. அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அந்தப் பட்டம் இதுவரை ஒரு குழாயைக்கூடச் சரிசெய்ததில்லை. தான் அப்பாவுக்காக அலைகிறோமா, பட்டத்துக்காக அலைகிறோமா என்று அவளுக்கே சந்தேகம் இருந்தது.

அலைச்சல் என்றால் அலைச்சல். தொலைபேசியில் ஒரு பதிவுக்குரல் அவள் அழைப்பு தங்களுக்கு மிக முக்கியம் என்று சொல்லிச் சொல்லியே துண்டித்தது. முதல் பதில் 'திருமதி நார்மன்' என்ற பெயருக்கு வந்தது. இரண்டாவது பதில், முதல் பதிலைப் பார்க்கவும் என்றது. கம்பெனி தன் இறுதி முடிவைச் சொன்ன பிறகுதான் நடுவர் புகாரைத் தொடுவார். இறுதி முடிவைச் சொல்லாமலிருப்பதில் கம்பெனி கைதேர்ந்திருந்தது. கடைசியில் சொன்னபோது கூடவே ஒரு வரி: கடைக் கேமராப் பதிவு ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கப்படுவதில்லை, அழிந்துவிட்டது.

"அவங்களே இழுத்தடிச்சு, அவங்களே அழிச்சுட்டாங்க!" கெர்ரி மேசையைத் தட்டினாள்.

நடுவர் கேட்டது ஒன்றே ஒன்று: பந்தயம் தொடங்கும் முன்பே சீட்டும் பணமும் கடைக்காரர் கைக்குப் போனதற்கு என்ன சாட்சி?

"மேக்சின்கிட்ட ரெண்டு வரி எழுதி வாங்கிட்டு வா."

"மாட்டேன்."

"ஏன்?"

"சீட்டைப் போட்டு வெச்சுட்டு அப்புறமா மெஷின்ல விட்டேன்னு அவளே எழுதிக் குடுத்தா, அவ வேலை நிக்குமா?"

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? ரெண்டு மாசமா என் உயிரை வாங்கினியே!"

"நீ எங்க என்னைப் பேச விட்ட?"

கோபத்தில் கெர்ரி தானே கடைக்குப் போனாள். கேட்பதா வேண்டாமா என்று வாசலில் தயங்கி நின்றாள். உள்ளே நுழைந்ததும் மேக்சினே ஆரம்பித்தாள்.

"வந்தியா? உங்கப்பன் வாயில கொழுக்கட்டையா? மூணு வாரமா இந்தப் பக்கமே தலை காட்டல."

"உங்க வேலை போயிடும்னு..."

"என் வேலையைப் பத்தி அந்த ஆளுக்கு என்ன கவலை? நடந்தது நடந்தது. சீட்டு குதிரைக்கு முன்னாடியே வந்துச்சு. பேப்பர் குடு."

நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கெர்ரி ஒரு நிமிடம் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்க நினைத்தாள். கொடுக்கவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் நடுவர் நார்மன் பக்கம் முடிவு சொன்னார். வாடிக்கையாகச் சீட்டை அப்படி வாங்கிப் பழக்கிவிட்டு, ஆளைக் குறைத்ததால் நேர்ந்த தாமதத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது என்று எழுதியிருந்தார். பணம் வந்தது. கொதிகலன் ஓடியது. மேக்சினை எச்சரித்து மிடில்ஸ்பரோ கிளைக்கு மாற்றினார்கள். இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டும்.

"மேக்சின்கிட்ட போய் நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாப்பா."

"என்ன மூஞ்சியோட போறது? நாளைக்குப் போறேன்."

அந்த நாளை வரவே இல்லை. நார்மன் பந்தயத்தையே விட்டுவிட்டார். ரெட்காரில் வேறு கடைகள் இருந்தும் ஒன்றிலும் நுழையவில்லை. கெர்ரி நச்சரித்துப் பார்த்தாள், கத்தியும் பார்த்தாள். "ஒரு பூங்கொத்து வாங்கிட்டுப் போறதுக்கு உனக்கு வக்கீல் வேணுமா?" என்றுகூடக் கேட்டாள். அவர் வானொலியைச் சத்தமாக வைத்தார். அடுத்த குளிர்காலத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச்சேர்ந்தார்.

அடக்கத்துக்கு மேக்சின் வேலைச் சட்டையோடு வந்திருந்தாள். தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுக் கிளம்பும்போது கெர்ரியின் கையைப் பிடித்தாள்.

"ஒண்ணு கேக்கணும் கண்ணு. அந்தப் பணம் அவருக்கு வந்துச்சா?"

கெர்ரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருடமாக மேக்சினுக்கு யாருமே சொல்லவில்லை. அப்பா சொல்வார் என்று கெர்ரி இருந்துவிட்டாள்.

"வந்துச்சு. முழுசா வந்துச்சு."

"நல்லது. தோத்துட்டாரு போல, அதான் மூஞ்ச காட்டலன்னு நெனச்சேன்." மேக்சின் கோட்டுப் பொத்தானைப் போட்டாள். "ரெண்டாவது பஸ்ஸ விட்டா ஷிஃப்ட்டு போச்சு."

கெர்ரி நன்றி என்றாள். அது கெர்ரியின் கடனைத்தான் தீர்த்தது. நார்மனுடையது அப்படியே நின்றது.