ஓரக்கண்ணுக்குத் தெரிகிற வட்டம்

மல்லாவியில் வான் வண்டிகளுக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுக்கிற யோகலிங்கத்துக்கு இருந்தது ஒரே ஒரு கண். இடது கண்ணை 2009 போரில் ஷெல் துண்டு கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணை வைத்துக்கொண்டு மனுசன் என்ன செய்தார்? காணி வாங்கினாரா, வீட்டுக் கூரையை ஒழுங்காக வேய்ந்தாரா? கொழும்பில் பழைய சாமான் கடையில் கிடைத்த தடித்த கண்ணாடி வட்டம் ஒன்றை இரண்டு வருசம் கையாலேயே தேய்த்தார். பதினாறு அங்குல ஆடி. அதை அடியில் வைத்து ஆளுயரத்துக்கு ஒரு தொலைநோக்கி செய்தார். ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே, அவருக்கென்ன!

அவர் தேடியது சந்திரனையோ சனியையோ அல்ல, கோள் நெபுலாக்களை. சாகிற நட்சத்திரம் கடைசியாக ஊதிவிடுகிற வாயு வட்டங்கள் அவை. மங்கலிலும் மங்கல். நேரே பார்த்தால் ஒன்றுமே இராது. பார்வையைச் சற்று விலக்கி ஓரக்கண்ணால் பார்த்து, குழாயை விரலால் மெல்லத் தட்டினால்தான் சாம்பல் ஊதினாற்போல ஒன்று வந்து போகும். பதினொரு வருசத்தில் நூற்றுப் பதினேழு வட்டங்களைக் கண்டு கொப்பியில் எழுதியிருந்தார்.

போன மாசியில் கண் டொக்டர் சொன்னார்: "கண்ணுக்குள்ள அழுத்தம் கூடிப்போச்சு. ஓரப் பார்வைதான் முதல்ல போகும். போனது திரும்பி வராது. மிச்சத்தைக் காப்பாத்த ஒப்பரேசன் செய்ய வேணும்."

இருக்கிற ஒரே கண்ணில் கத்தி வைப்பதா? யோகலிங்கம் டொக்டரின் மெசின் பிழை என்று சாதித்தார். ஆறு மாதமாகத் திகதியைத் தள்ளினார். கடைசியில் மனைவி கமலாசனி சாப்பிடாமல் கிடந்து அழுத பிறகுதான் இறங்கி வந்தார்.

"கழுகு நட்சத்திரக் கூட்டத்தில ஒரு வட்டம் இருக்கு. மூண்டு வருசத்துக்கு முதல் எனக்கு நல்லாத் தெரிஞ்சது. பத்துத் தரம் பாப்பம். எட்டுத் தரம் சரியாச் சொன்னனெண்டால் பிறகு ஒருத்தரும் ஒப்பரேசன் கதை கதைக்கக் கூடாது. இல்லாட்டில் ஒப்பரேசனுக்கு வாறன்" என்றார்.

ஆசை, இல்லாத வட்டத்தையும் காட்டிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதற்காக அவரே கண்டுபிடித்த பரீட்சை இது. கமலாசனியின் கையில் இரண்டு கண்ணாடித் துண்டுகள். ஒன்று கனடாவிலிருந்து வந்தது. நெபுலாவின் ஒளியை மட்டும் உள்ளே விடும். மற்றது வான் கண்ணாடியில் வெட்டிய வெறும் கறுப்புத் துண்டு. இரண்டிலும் நட்சத்திரங்கள் மங்கிவிடும். வட்டம் தெரிவது முதலாவதில் மட்டும். இருட்டில் கை அறிய அதில் ஒரு நூல் கட்டியிருந்தது. எதை வைக்கிறாள் என்று சொல்லாமல் அவர் கண்ணுக்கு முன்னால் அவள் பிடிக்க, இருக்கா இல்லையா என்று அவர் சொல்ல வேண்டும்.

ஆவணி அமாவாசையன்று பொழுதுபட்டதும் வீட்டு லைற்றையெல்லாம் அணைத்துவிட்டு, கண் பழக இருவரும் முக்கால் மணி நேரம் இருட்டில் குந்தியிருந்தார்கள். பிறகு அவர் தலையில் கறுப்புத் துணியைப் போர்த்துக்கொண்டு குனிந்தார்.

"இருக்கு."

அவள் துண்டை மாற்றினாள்.

"இல்லை... பொறு. ஓம், இல்லை."

ஐந்தாவது தரம் குழாயைத் தட்டித் தட்டிப் பார்த்தார். வட்டம் இருந்தது போலவும் இருந்தது, தான்தான் அதை அங்கே வரைவது போலவும் இருந்தது. "கடவுளே, காட்டன்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினார்.

பத்தும் முடிந்தன. "எத்தினை?"

"ஒன்பது."

யோகலிங்கம் துள்ளினார். "பாத்தியா? எனக்குத் தெரியும்! விடிஞ்சதும் அந்த ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கிழிச்சு அடுப்பில போடுறன். கண்ணுக்கு விடுற சொட்டு மருந்தும் இனி வேண்டாம்!"

கமலாசனி அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். "இல்லையப்பா. ஒன்பதில்லை. உங்கட மனம் நோகுமெண்டு சொல்லிப்போட்டன். நாலு."

நாலு. கண்ணை மூடிக்கொண்டு குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலே ஐந்து வந்திருக்கும். அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

பிறகு திடீரென்று எழும்பினார். "வானந்தான் சரியில்லைப் போல. சிறுபோக நெல்லை வெட்டிப்போட்டு வைக்கோல் எரிக்கிறாங்கள், புகை. நீ பார். உனக்கும் தெரியாட்டில் அது வானத்தின்ர பிழை. ஆனால் இனிப் பொய் சொல்லாத. என்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் பண்ணினாள். இத்தனை வருசத்தில் ஒரு நாளும் அவள் தொலைநோக்கிக்குள் ஒழுங்காகப் பார்த்ததில்லை. "நேரே பாக்காத. கொஞ்சம் அங்காலப் பக்கம் பார்" என்று சொல்லிக்கொடுத்தார். இப்போது துண்டுகளைப் பிடித்தது அவர், முதலில் நூல் கட்டியதை. பிள்ளையாரே, இவளுக்குத் தெரியக் கூடாது, தெரியவே கூடாது என்று உள்ளுக்குள் மன்றாடினார்.

"ஒண்டும் இல்லையேயப்பா."

அவருக்கு மூச்சு வந்தது. ஆனாலும் முறைப்படி குழாயை மெல்லத் தட்டினார்.

"ஐயோ, இருக்கு! வட்டமா, நடுவில கொஞ்சம் இருட்டா!"

கறுப்புத் துண்டை வைத்தார். "இப்ப இல்லை." திரும்ப அதையே வைத்தார். "இப்பவும் இல்லை." நூல் கட்டியதை வைத்தார். "ஓம், வந்திட்டுது!" புருசன் இத்தனை காலம் கண்டதைத் தானும் கண்டுவிட்ட சந்தோசப் புளுகத்தில் அவள் சொல்லிக்கொண்டே போனாள். பத்துத் தரமும் அவர் நேர்மையாகத்தான் மாற்றினார்.

"எத்தினை சரி?" துணியை விலக்கிவிட்டு ஆவலோடு கேட்டாள்.

"பத்தும்" என்றார். "எடி கமலா, ஒண்டையாவது பிழையாச் சொல்லியிருக்கக் கூடாதே?"