குறுக்குக் கம்பி இல்லாத வண்டி

எழுபது வயதைக் கடந்தபின் என் கால் சைக்கிளின் குறுக்குக் கம்பியைத் தாண்ட மறுத்தது. ஆகையால் பெண்கள் ஓட்டும், கம்பியில்லாத இளஞ்சிவப்பு வண்டி ஒன்றை வாங்கினேன். காலைதோறும் குலசேகரம் வரை என்னுடன் சைக்கிள் மிதிக்கும் மூத்த நண்பர் கைகொட்டிச் சிரித்தார்.

"ஏலே, சேலையும் உடுத்திட்டு வந்திருக்கலாம்லா?"

அவர் தம் பழைய உயரமான வண்டியைக் கைவிடவில்லை. சென்ற மழைக்காலத்தில் ஏறும்போது அவர் கால் அக்கம்பியில் தட்டியது. விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. இனி அவர் எழுந்து நடக்கமாட்டார் என்பதை மருத்துவர் அவர் மனைவியிடமும் என்னிடமும் மட்டுமே கூறினார்.

நேற்று அவரைக் காணச் சென்றேன். கட்டிலில் கிடந்தபடியே கேட்டார்.

"மக்கா, எனக்கும் ஒன்ன மாதிரி வண்டி ஒண்ணு பாத்து வை. நெறம் மட்டும் கறுப்பா இருக்கட்டு."

"கறுப்புலயே பாக்கேன், அண்ணே" என்றேன். அவர் மனைவி அடுக்களைக்குள் சென்றுவிட்டார்.