முடியாது என்று சொன்ன விடுதி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தர ஆய்வு பார்க்கிறேன். போல்ட், ஸ்பிரிங், ரப்பர் வளையம் என்று செய்து அனுப்புகிற சின்னப் பட்டறைகளுக்கு நேரில் போய், கேள்விக்கு இத்தனை மார்க் என்று போட்டு, இவரிடம் வாங்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. கிரைண்டர் வாங்குவதானாலும் முதலில் கட்டம் போட்ட தாளைத்தான் எடுப்பேன். அதனால், கடலுக்கடியில் போய்ப் பார்க்க எந்த விடுதி நல்லது என்ற பேச்சு வந்தபோது பொறுப்பு என் தலையில் விழுந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை.

நான், என் தோழி, சேக்காட்டில் இருக்கும் ஒரு நண்பன், அவன் மனைவி என்று நாங்கள் நாலு பேர். ஒரு காலத்தில் ஒரே கம்பெனி, ஒரே வேன். இப்போது ஆளுக்கொரு பக்கம் போய்விட்டாலும் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் சென்னீர்குப்பத்தில் என் தோழியின் கடையில் கூடுவோம். பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெண் அவள். கார்களுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறாள். அவளால் கடையை விட்டு வர முடியாது என்பதால் நாங்கள் அங்கே போய் ரெக்சின் சுருள்கள் மேல் உட்கார்ந்து டீ குடிப்போம். எதிரே நெடுஞ்சாலை, நாள் முழுக்க லாரிப் புகை. அவளுக்கோ சின்ன வயசிலிருந்தே இழுப்பு. மேஜை டிராயரில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் இன்ஹேலர் இருக்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் சேக்காட்டு நண்பன் தன் போனை நீட்டினான். அவன் போன வருஷம் டைவிங் கற்றுக்கொண்டு, அதற்கான சான்று அட்டை வாங்கி, அதை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தவன். போனில் கடலின் அடி ஓடியது. ஊதாவில் விசிறி மாதிரி ஒன்று அசைந்தது. மஞ்சள் மீன்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் திரும்பின. தோழி தையல் மெஷினை நிறுத்திவிட்டாள்.

"கீழ இவ்ளோ கலரு கீதா?" என்றாள். "அங்க பாக்கறதுக்கு ஆளே கெடயாதே அண்ணாத்தே. அப்புறம் யாருக்காவ இவ்ளோ கலரு?"

நான் அந்த வீடியோவைப் பார்த்துத் திறந்த வாயை மூடாமல் இருந்தேனே தவிர, இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் முகத்தை நிமிர்த்தி, "நானும் வரேன்" என்றாள். "கரையில குந்திக்கினு உங்க செருப்ப பாத்துக்க இல்ல. நான் கண்ணால பாக்கணும்."

அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். மலைக்குப் போனால் அடிவாரம், கோட்டைக்குப் போனால் வாசல், அதுதான் அவள் கண்ட சுற்றுலா. "நீ இங்கயே இரு, நாங்க பாத்துட்டு வரோம்" என்று அவளிடம் அதிகம் சொன்னவள் நான்தான்.

தாளில் கட்டம் போட்டேன். நாலு பேரும் நாலு திசை. சேக்காட்டானுக்கு ஆழம் வேண்டும். அவன் மனைவிக்குத் தண்ணீர் கணுக்கால் வரைதான். அவளுக்கு நல்ல மெத்தை, வாய்க்கு ருசியான மீன் குழம்பு, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பக்கத்தில் ஒரு சர்ச். எனக்குக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போக ஒரு ஆள். தோழிக்கு, முழுக்கை முழுக்கால் உடுப்பில் இறங்கினால் யாரும் முறைக்கக் கூடாது. அதைப் போனில் கேட்டபோது, எல்லோருமே கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடித்தான் இறங்குவார்கள் என்றார்கள். "அப்போ கடலுக்குள்ள அல்லாரும் எங்க ஆளுங்கதான்" என்று சிரித்தாள்.

வடிகட்டியதில் அந்தமானில் மூன்று விடுதிகள் மிஞ்சின. மூன்றும் உடல்நலப் படிவம் அனுப்பின. வேன் காலத்திலிருந்தே எங்களுக்குள் ஒரு வழக்கம்: யாருக்கு என்ன படிவம் வந்தாலும் நான்தான் நிரப்புவேன். பி.எஃப். ஆகட்டும், பள்ளிக்கூட அட்மிஷன் ஆகட்டும், எந்தக் கட்டத்தில் எதைப் போட்டால் தாள் திரும்பி வராது என்பது எனக்கு அத்துப்படி. மற்றவர்கள் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் கைவேகத்திலேயே நாலு பேருக்கும் மேலிருந்து கீழ்வரை 'இல்லை' 'இல்லை' என்று டிக் அடித்துக்கொண்டே போனேன். ஆஸ்துமா இருக்கிறதா என்ற வரியிலும் அடித்தேன். தெரிந்தேதான் அடித்தேன்.

தோழி மட்டும் அன்று தாளை வாங்கிப் படித்தாள். "இல்லன்னு போட்டுக்கீறியே."

"போட்டாத்தாண்டி உள்ள வுடுவான்."

"வுடுவான். அடியில போயி எனக்கு இழுத்துச்சுன்னா அங்க யார்கிட்ட உண்மைய சொல்றது? வாயில கொழாய வச்சிக்கினு?"

என் டிக்கை அடித்துவிட்டு 'ஆம்' என்று போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டாள். அந்த ஒரு டிக்கில் தன் கடலை அவளே மூடிக்கொள்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு பொய் ரிப்போர்ட்டுக்காக எத்தனையோ பட்டறைகளைத் தள்ளியவள் நான். வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டது. செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஆவடியில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப் போனேன். குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார். முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்கவே கூடாது, நுரையீரலில் காற்று மாட்டிக்கொண்டால் மேலே வரும்போது அது விரிந்து கிழித்துவிடும் என்றார். கரையோரம், அமைதியான தண்ணீரில், ஆள் துணையோடு மேலே மிதக்கலாம். இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதையும் எழுதிக் கொடுத்தார்.

மறுபடி மூன்று விடுதிகளையும் அழைத்தேன். நான் அதிக மார்க் கொடுத்திருந்த விடுதிக்காரர், "எல்லாரும் இல்லைன்னுதான் மேடம் போடுவாங்க, நீங்களும் போட்டுடுங்க" என்றார். நான் செய்த அதே காரியத்தை இன்னொருவர் வாயால் கேட்டேன். தாளில் அவர் பெயரை அடித்தேன். இரண்டாவது ஆள், "அவங்கள விட்டுட்டு நீங்க மட்டும் வாங்களேன்" என்றார். அவர் பெயரையும் அடித்தேன்.

மூன்றாவது விடுதியில் ஒரு பெண்மணி எடுத்தார். "முடியாதும்மா. சிலிண்டர் கட்டி அவங்கள இறக்க மாட்டேன். நீங்க யார்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்தாலும் மாட்டேன்" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வைத்துவிடலாம் என்று விரலைக் கொண்டு போனபோது, "அவங்களுக்கு என்னதான் பார்க்கணுமாம்?" என்று கேட்டார்.

என் தாளில் பதினெட்டுக் கேள்விகள் இருந்தன. இந்தக் கேள்வி இல்லை. போனைத் தோழியிடம் கொடுத்துவிட்டேன். அந்த ஊதா விசிறியிலிருந்து ஆரம்பித்து அவள் பேசிக்கொண்டே இருந்தாள். போனை வைத்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "அவங்க ஊட்டு வாசல்லயே நெஞ்சளவு தண்ணில பவளப் பாறை கீதாம். ரப்பர் வளையத்துல மெதக்க வச்சி, ஒரு பொண்ணு கூடவே புடிச்சிக்கினு வருமாம். காத்தடிச்சா மட்டும் கெடயாதாம்."

என் கணக்கில் கடைசியில் நின்ற விடுதி அது. ஆழமான இடத்துக்குப் படகில் நெடுநேரம் போக வேண்டும், சர்ச் தூரம், சாப்பாடு சுமார். "படகுல போனா போறேன், இன்னா இப்போ" என்றான் சேக்காட்டான். "பூசைய போன்ல பாத்துக்கறேன்" என்றாள் அவன் மனைவி. தாளைக் கிழித்துப் போட்டேன்.

போய்ச் சேர்ந்தபின் முதல் இரண்டு காலையும் காற்று. தோழி கரையில் நின்று கடலையே முறைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோல் கிடந்தது. அவளை வளையத்தில் மிதக்க விட்டார்கள். அவளுக்குக் கொஞ்சம் தள்ளி, பாறை ஆழமாக இறங்குகிற இடத்தில் என்னைச் சிலிண்டரோடு இறக்கினார்கள்.

முதலில் சத்தம்தான். எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் சுற்றிலும் படபடவென்று ஏதோ பொரிந்துகொண்டே இருந்தது. பச்சை மீன் ஒன்று பாறையைக் கடித்துத் தின்பது காதில் விழுந்தது. என் உயரத்துக்கு ஒரு பாறை, அதில் ஒட்டிய சிப்பிகளின் நூறு வாய்கள் திறந்து மூடின. நான் கும்பிடாத சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். இத்தனையும் யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் காலங்காலமாக நடந்துகொண்டிருக்கிறது. நான் அம்பத்தூரில் ஸ்பிரிங்குக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அண்ணாந்து பார்த்தேன். மேலே தண்ணீர் வெள்ளியாக மின்னியது. அதன் நடுவில், எனக்கு நேர் மேலே மிதந்து வந்திருந்த ஒரு முகம். முகமூடிக்குள் இரண்டு கண்கள் இமைக்காமல் என்னைப் பார்த்தன. கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

கரைக்கு வந்ததும் சிலிண்டரைக்கூடக் கழற்றாமல் அவளிடம் போய், "இழுத்துச்சாடி?" என்றேன். கன்னத்தில் முகமூடி பதிந்த கோட்டோடு முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள்.

"நீ வுட்ட மூச்சு குமிழு குமிழா மேல வந்துச்சுடி. சின்னதா கெளம்பி, வர வர பெருசாயி, என் கன்னத்தாண்ட வந்து ஒடைஞ்சுது. பொறந்ததுலேர்ந்து மூச்சுக்கு அல்லாடிக்கினு கீறேன். அது இவ்ளோ அழகா இருக்கும்னு இன்னிக்குத்தான் பாத்தேன்."

அவள் முகமூடியைத் தண்ணீரில் அலசி மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி கீழ போறியா? நான் பாக்கணும்."

சிலிண்டரைக் கழற்ற வந்த பெண்ணிடம், இன்னொரு முறை இறக்குங்கள் என்று கேட்டேன்.