நாலு பேர் பங்குக் கொய்னா

முதலில் காதில்தான் இரைச்சல் வந்தது. ஜெட்டியில் (கப்பல் துறையில்) கப்பலே இல்லாத நேரத்திலும் நீராவி விடுகிற சத்தம். காய்ச்சலின் மிச்சம் என்று நினைத்தேன். பிள்ளைகளே, அது காய்ச்சல் இல்லை, மருந்து.

பர்மா இந்தியாவோடு சேர்ந்திருந்த காலம். நான் அப்போது அங்கே போட்டாதாங் துறையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் ஹாக்கி; நான் கோல் காக்கிற கோலி. அகில இந்திய அணியோடு இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் வெளியே உட்கார்ந்திருந்த கோலி. மூன்றாம் முறை, நான்தான் முதல் கோலி என்று கல்கத்தாவிலிருந்து கடிதம் வந்தது. கப்பலுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் மலேரியா (கொசுவால் வரும் குளிர்காய்ச்சல்) பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள்.

ஜெட்டியில் தினமும் காலையில் கம்பவுண்டர் ஆளுக்கு ஒரு குவளை கொய்னாத் தண்ணீர் (மலேரியாவுக்கான கசப்பு மருந்து) ஊற்றுவார். எங்கள் ஆட்கள் குடிப்பதுபோல அண்ணாந்து காட்டிவிட்டு ஆற்றில் கொட்டுவார்கள். எனக்குக் காய்ச்சல் என்றதும், என் கூட்டாளி முனுசாமி நாலு பேருடையதைச் சேர்த்து ஒரு போத்தலில் தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"இத்தனை நாளு மீனுக்குத்தான் காய்ச்சல் வராம பாத்துக்கிட்டோம். இனி உனக்கு. குடிடா கோலி!"

"மாத்திரையும் கொய்னாதானே, அதையும் முழுங்கிட்டு இதையுமா?" என்றாள் உங்கள் அம்மா. "ஸயாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

டாக்டரைத்தான் ஸயா என்போம். கேட்டால் கப்பல் ஏறாதே என்பார். அதனால் கேட்கவில்லை. காது இரைய இரையக் குடித்தேன். அது உடம்பு கொடுத்த எச்சரிக்கை. உங்களில் யாருக்காவது அப்படி இரைந்தால், அடுத்த வேளையை வாயில் வைக்காமல் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள்.

ஆறாம் நாள் காலை மோஹிங்கா (மீன்குழம்பு ஊற்றிய சேவை) தின்றுகொண்டிருந்தேன். கிண்ணம் மங்கியது.

"ஏன் கதவைச் சாத்தினே?"

"கதவு திறந்துதானே இருக்கு?" என்றாள் அம்மா. அப்படியே கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

ஸயா பர்மாக்காரர், எங்களோடு பழகித் தமிழ் பேசுவார். இமையைத் தூக்கிப் பார்த்தவர், "எவ்ளோ கொய்னா?" என்றார். சொன்னேன்.

இமையை விட்டார். பிறகு, "அஞ்சு ஆளு மருந்து. கண்ணு ஒரு ஆளு கண்ணு" என்றார்.

"திரும்ப வருமா ஸயா?"

"வரலாம். எவ்ளோ வரும், எனக்குத் தெரியாது."

இரண்டு நாள் இருட்டு. மூன்றாம் நாள் நடுவில் ஒரு சின்ன வட்டம் வெளுத்தது. அதற்குள் அம்மாவின் மூக்குத்தி. மறுநாள் சுவரில் தொங்கிய கண் பரிசோதனை அட்டையில் கடைசி வரி வரை வாசித்தேன். காய்ச்சலும் போயிருந்தது. அணிச் செயலாளர் வந்து பார்த்து, "சனிக்கிழமை கப்பல், மறந்துடாதே" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வெளியே வரும்போது வாசல் நிலையில் தோள் இடித்தது. அடுத்த வாசலிலும் இடித்தது. நடைவழியில் ஒரு தாதி எங்கிருந்தோ முளைத்தாற்போல் என் முன்னால் வந்து நின்றாள். எனக்கு விளங்கிவிட்டது. பக்கப் பார்வை (நேரே பார்க்கும்போதே இரண்டு ஓரமும் தெரிவது) திரும்பவில்லை. அது யாருக்கும் தெரியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் கப்பல் ஏறிவிடலாம்.

வெள்ளிக்கிழமை முனுசாமியை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். நேரே அடித்த பந்துகளை எல்லாம் தடுத்தேன்.

"சிங்கம்டா நீ!"

"ஓரத்திலேருந்து அடி."

காத்து நின்றேன். முதுகுக்குப் பின்னால் கோல் பலகையில் டக்கென்று ஏதோ மோதியது.

"அடிச்சியா?" என்று கேட்டேன்.

அவன் மட்டையைக் கீழே போட்டான். "மாப்ளே, நாங்க குடுத்ததுனாலயா?"

"குடிச்சது நான்டா."

அன்று சாயங்காலமே செயலாளரிடம் போய் நானே சொன்னேன். எனக்குப் பதில், வெளியே உட்கார வேண்டிய இன்னொருவன் முதல் கோலியாகக் கப்பல் ஏறினான்.

ஸயா வருஷம் ஒருமுறை பார்க்கிறார். ஓரம் இன்னும் வரவில்லை, வராது என்கிறார். எனக்கு உலகம் இப்போது கொஞ்சம் தாமதித்தே வந்து சேர்கிறது. ரிக்‌ஷா மணி கேட்டால் நின்று, கழுத்தைத் திருப்பி, பிறகுதான் அடியெடுத்து வைக்கிறேன். நீங்கள் பக்கத்தில் வந்து எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று தெரிவதில்லை. சட்டையை இழுங்கள். முழுசாகத் திரும்பித்தான் பார்ப்பேன்; பார்த்துக்கொண்டே இருப்பேன்.